தறிக்குழியில் ஊறும் நீர்: காலநிலை மாற்றத்தை எடுத்துரைக்கும் திருப்பணி

காலநிலை மாற்றம் குறித்து அருளுரை ஆற்றுவோர் பலர், மக்கள் அதனை நம்புவதில்லை என்று எண்ணிக்கொண்டே பேசத் தொடங்குகின்றனர். இவ்வெண்ணம் சரிதானா?

2011ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியாவெங்கும் 4,031 பேரிடம் கருத்துக் கேட்டனர். புவி வெப்பமடைதலைக் கேள்விப்பட்டதே இல்லை அல்லது தெரியாது என்றவர்கள் 41 சதவீதத்தினர். ஆயினும் அதன் பொருளைச் சுருக்கமாக விளக்கியபின், அது நிகழ்ந்து வருகிறது என்று 72 சதவீதத்தினர் கூறினர். பத்தாண்டுகளுக்குப்பின், 2021 அக்டோபர் முதல் 2022 ஜனவரி வரை நடந்த ஆய்வில், சிறிதளவே அறிவோம் அல்லது அறியோம் என்றவர்கள் 54 சதவீதத்தினர். விளக்கத்திற்குப்பின் ஏற்றுக்கொண்டவர்களோ 84 சதவீதத்தினர். ஆகவே நம் மக்களிடம் குறைவாய் இருப்பது நம்பிக்கையன்று. தாம் பட்டறிந்ததற்குப் பெயரிடும் சொல்லே அவர்களுக்குக் கிட்டவில்லை.

ஆரணி காட்டும் உண்மை

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, பட்டுச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். குழித்தறியில் நெய்பவர் தரையளவில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளை இயக்குகிறார். பெருமழையில் நிலத்தடி நீர் உயர்ந்தால் அக்குழியில் நீர் ஊறும். பட்டு இழையோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நனைந்தால் வலுவிழக்கும். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தடவி உலர்த்துவதற்கு வெயில் வேண்டும். மழை நீடித்தால் இப்பணிகள் யாவும் நிற்கும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்குத் தறி நின்ற நாள் கூலியற்ற நாளே, கடனோ நிற்பதில்லை.

காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 2024இல் சுமார் 1.55 பாகை மிகுந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. குறுகிய நேரத்தில் கொட்டும் மழை மிகுவதற்கு இது முக்கிய காரணம். இவ்விளக்கத்தைத் தறிக்குழியிலிருந்து தொடங்கினால் நெசவாளர் எவருக்கும் விளங்கும்.

எடுத்துரைக்கும் முறை

லூக்கா 12:54-56இல் நம் ஆண்டவர், மேகத்தையும் காற்றையும் கண்டு மழையையும் வெப்பத்தையும் முன்னுரைக்கும் மக்களின் அறிவை முதலில் ஒப்புக்கொள்கிறார். அதன்பின்னரே காலத்தை நிதானியாமையைக் கடிந்துகொள்கிறார். பாலஸ்தீனத்தில் கடல் மேற்கே. ஆதலால் மழைமேகமும் மேற்கிலிருந்து எழும். நமக்கு வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கடலிலிருந்து வருகிறது. எனினும் முறை ஒன்றே: மக்கள் அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதல். 1853இல் நிறுவப்பெற்ற ஆர்க்காட்டு மிஷன் தன் தொடக்க காலத்தில் மக்கள் மொழியில் பிரசங்கிப்பதற்கே முதலிடம் தந்தது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் அத்தகையதே. ஞெகிழியின் தீமையைக் கலைச்சொற்களால் விளக்காமல், திருமண வீட்டில் நாம் பெற்ற பையையே அது நினைவூட்டிற்று.

இங்கே இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, மிகைப்படுத்தலாகாது. ஒருநாள் மழை வானிலை. பல பத்தாண்டுகளின் போக்கே காலநிலை. ஓர் ஊடை இழையைக் கொண்டு சேலையின் வடிவத்தை எவரும் உரைப்பதில்லை. ஒவ்வொரு மழைக்கும் காலநிலை மாற்றமே காரணம் எனப் போதிப்பவரின் சொல், அடுத்த வறட்சியில் மதிப்பிழக்கும்.

இரண்டாவது, துன்புறுவோரைக் குற்றவாளிகளாக்கலாகாது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்சரிந்து ஒரு வீட்டில் எழுவர் மாண்டனர். இத்தகைய சாவைப் பாவத்தின் தண்டனை என்றோ, கடைசிக் கால அடையாளம் என்றோ மட்டும் உரைத்து முடிப்பது, துயருற்றோர்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகும். இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவர் வெளியிடுவதோ ஏறத்தாழ 14 டன். கையாலும் காலாலும் நெய்பவரின் பங்கு இன்னும் சிறிது. குறைவாய்க் கெடுத்தவர் மிகுதியாய்ச் சுமக்கும் இந்நிலையைத் திருமறை அநீதி என்றே அழைக்கும்.

ஆயரின் பணி

எனவே ஆயர் பேசுமுன் கேட்க வேண்டும். எந்த மாதங்களில் தறி நிற்கிறது, முன்னர் எவ்வாறிருந்தது, நின்ற நாட்களில் அடுப்பு எப்படி எரிகிறது என்று வீடுகளைச் சந்திக்கையில் வினவலாம். நெசவாளர் பலர் நம் சபையார் அல்லர். ஆயினும் நம் அயலார். தறித்தளத்தை உயர்த்துதல், பாவு உலர்த்தப் பொதுக்கூடம், ஏரிக் கால்வாய்களைத் தூர்வாருதல், தறி நின்ற நாட்களுக்கு நிவாரணம் ஆகியவற்றை அவர்களோடு சேர்ந்து கேட்பதும் எடுத்துரைத்தலின் பகுதியே. கேட்கப்பட்டவரே கேட்பார். அவருடைய தறிக்குழியின் ஈரத்தை அறியாத பிரசங்கம், எத்துணை உண்மையாயினும், அவருக்கு அந்நிய மொழியாகவே ஒலிக்கும்.