எல்.கே.ஜி. நோட்டை மூடுங்கள், பல்லாங்குழியை எடுங்கள்

நாலு வயதுக் குழந்தை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும், ‘அ’வை ஒரு பக்கம், ‘ஏ, பி, சி’யை ஒரு பக்கம், ஒன்றிலிருந்து ஐம்பது வரை ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மறுநாள் மிஸ் திட்டுவார். அந்தப் பயத்தில் அம்மா குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைக்கிறார். குழந்தை அழுகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இது தினசரி நடக்கிறது. இது படிப்பு இல்லை. இப்படிச் செய்யச் சொல்லும் சட்டமும் எதுவும் இல்லை.

2018 மே மாதம், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தொடர்பான வழக்கில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் இதையே வலியுறுத்தி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒன்றாம் வகுப்புக்கே கூடாது என்றால் எல்.கே.ஜி.க்கு எப்படிச் சரியாகும்? 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, முன்பருவ வகுப்புக் குழந்தைக்குப் பையே வேண்டாம் என்கிறது. 2022இல் வந்த தேசிய அடிப்படைநிலைக் கலைத்திட்டமோ எட்டு வயது வரை விளையாட்டை மையமாக வைத்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது. விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 31ஆம் பிரிவில் சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992லேயே இந்தியா ஏற்றுக்கொண்டுவிட்டது.

நாலு வயதில் எழுத வைப்பதற்கு உடம்பும் ஒத்துழைக்காது. மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். அவை ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகத் தொடங்கும்; கடைசி எலும்பு தொடங்கவே ஏறக்குறைய பத்து வயதாகிவிடும். பென்சில் பிடிக்கும் வலு முதலில் விரல்களில் வர வேண்டும். பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, கோலப்பொடியைக் கிள்ளிப் புள்ளி வைப்பது எல்லாம் அந்த வலுவைத் தருகிற வேலைகள். துணி மடிக்கும்போது அப்பா சட்டை எது, தம்பி சட்டை எது என்று பிரித்து அடுக்கச் சொன்னால், பெரிது சிறிது, ஜோடி, வகை எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

கணக்குக்குப் பல்லாங்குழியை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் முடிவு. பலகையில் பதினான்கு குழிகள். எடுத்த எடுப்பில் முழு ஆட்டம் வேண்டாம். ஐந்து குழிகளை மட்டும் வைத்துக்கொண்டு, குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். முதலில் குழந்தை ஒரே குழியில் இரண்டு போடும், ஒன்றைத் தாண்டிப் போகும். திருத்த வேண்டாம். கையில் முத்து மீந்தாலோ பற்றாமல் போனாலோ அதுவே திரும்பிப் பார்க்கும். பிறகு ‘பசு’வைச் சொல்லிக்கொடுங்கள்: ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். நாளடைவில் எண்ணாமல், பார்த்த மாத்திரத்திலேயே “பாட்டி, பசு!” என்று கத்தும். அளவைக் கண்ணாலேயே அறிகிற இந்தத் திறன், ஐம்பது வரை எழுதிய நோட்டில் கிடைக்காது. ஒரு பேச்சுக்காகவும் தோற்றுப் போகாதீர்கள், பாட்டிகளே. குழந்தை கெட்டி, கண்டுபிடித்துவிடும்.

ஆனால் கையில் கொடுக்கும் பொருளில் கவனம் தேவை. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். குன்றிமணி வேண்டவே வேண்டாம். விநாயகர் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அதே விதைதான். அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சொப்பு வைத்துச் சமைத்து விளையாடும் பிள்ளைகள் வாசலில் இருக்கும் அரளிப் பூ, மஞ்சள் அரளிக் காய், காட்டாமணக்கு விதை ஆகியவற்றைப் பறித்துத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவது நம் ஊரில் புதிதல்ல. அப்படி ஏதாவது தின்றது தெரிந்தால், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செடியின் கிளையோ விதையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி இன்னும் மோசம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் அரித்துவிடும். பேட்டரி வைக்கும் இடத்தின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விதை ஆட்டத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கையைச் சேர்க்காதீர்கள். தொண்டையில் அடைத்துக் குழந்தை இருமவோ பேசவோ முடியாமல் திணறினால், குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் ஐந்து முறை உள்நோக்கி மேலே அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இது ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான முறை. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் பொருள் இன்னும் உள்ளே போய்விடும்.

கடையில் பொம்மை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். இல்லாமல் விற்றால் நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம்.

பள்ளி விஷயத்துக்கு வருவோம். முதலில் வகுப்பு ஆசிரியையிடம் மரியாதையாகப் பேசுங்கள். அவருக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கும். ‘எழுத்துப் பயிற்சியை வீட்டில் செய்யவில்லை, விளையாட்டு வழியாகப் பழக்குகிறோம்’ என்று டைரியிலேயே எழுதி அனுப்பலாம். அதற்காகக் குழந்தையைத் தனியே நிறுத்தினாலோ அடித்தாலோ சும்மா இருக்காதீர்கள். பொறுப்பில் இருக்கும் ஒருவர் குழந்தையை அடித்துத் துன்புறுத்துவது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து, தேதி போட்டு, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது.