‘மை மதர் இஸ் ஃபேர்’ - குழந்தையின் நோட்டில் அந்த ஒரு வரியைக் கவனித்தீர்களா?

இரவு எட்டு மணி. அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், ‘மை ஃபேமிலி’ என்ற தலைப்பில் எழுதிய நோட்டைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுகிறாள். முதல் வரி, ‘மை மதர் இஸ் ஃபேர் அண்ட் பியூட்டிஃபுல்.’

அம்மா நல்ல கறுப்பு. “நான் எங்கடி ஃபேர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

“மிஸ் போர்டுல அப்படித்தாம்மா எழுதிப் போட்டாங்க” என்கிறாள் மகள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கறுப்புன்னு எழுதினா பசங்க சிரிப்பாங்கம்மா” என்றும் சொல்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு நோட்டு இருக்கலாம். குடும்பத்தினரைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்வது தொடக்கப் பள்ளியின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று. டால், ஷார்ட், ஃபேட், தின், ஃபேர், டார்க் என்று சில சொற்களை மனப்பாடம் செய்தால் வீட்டுப்பாடம் முடிந்துவிடும். ஆனால், அந்தச் சொற்களோடு சேர்த்து எது அழகு, எது குறை என்பதையும் குழந்தை கற்றுக்கொண்டுவிடுகிறது. பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

நிறத்துக்கு மார்க் போட வேண்டாம்

ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்றால் வெளிர் நிறம். நியாயமானது என்றும் பொருள் உண்டு. பழைய ஆங்கிலப் பாடல்களிலும் கதைகளிலும் ‘அழகான’ என்ற பொருளிலும் வரும். நம் ஊர் மணமகள் தேவை விளம்பரங்கள் இந்தப் பொருள்களை எல்லாம் ஒன்றாகக் குழைத்துவிட்டன. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ க்ரீம், 2020-ல்தான் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயர் மாறியது. கறுப்பானவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் விதிமுறை வகுத்தது. அதற்கு முன்பே, 2009-ல், சென்னையில் இருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ பிரசாரம் தொடங்கிவிட்டது.

பள்ளிப் புத்தகமும் இதற்குத் தப்பவில்லை. 2020-ல் மேற்கு வங்கத்தில் சின்னக் குழந்தைகளுக்கான ஆங்கில எழுத்துப் புத்தகம் ஒன்றில், ‘யு ஃபார் அக்ளி’ என்று போட்டுப் பக்கத்தில் கறுப்பான ஒருவரின் படம் அச்சாகியிருந்தது. பெற்றோர் தரப்பில் கண்டனம் எழுந்து, ஆசிரியைகள் இருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அதற்காக ‘டார்க்’ என்ற சொல்லைக் குழந்தையிடமிருந்து ஒளிக்க வேண்டியதில்லை. ஒளித்தால், அது கெட்ட வார்த்தை என்றுதான் அதற்குத் தோன்றும். ‘மை மதர் ஹேஸ் டார்க் ஸ்கின் அண்ட் கர்லி ஹேர்’ என்று சுருள்முடியைச் சொல்வதுபோல நிறத்தையும் சாதாரணமாகச் சொல்லட்டும். கூடவே, “வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே” என்று நாம் சொல்லும் வார்த்தையையும் நிறுத்திக்கொள்ள வேண்டும். நோட்டில் எழுதுவதற்கு முன்பே குழந்தை கேட்ட முதல் பாடம் அதுதான்.

தோற்றமா, குணமா?

தமிழில் ‘பார்க்க எப்படி இருப்பார்’ என்பது வேறு, ‘எப்படிப்பட்டவர்’ என்பது வேறு. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘வாட் டஸ் ஷி லுக் லைக்?’ என்றால் தோற்றம். ‘வாட் இஸ் ஷி லைக்?’ என்றால் குணம். இரண்டிலும் ‘லைக்’ வருவதால், “ஷி லைக்ஸ் பிரியாணி” என்று பதில் சொல்லும் குழந்தைகள் உண்டு. அதட்ட வேண்டாம். சேர்ந்து சிரித்துவிட்டு, இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பழக்கினாலே பிடிபட்டுவிடும்.

அடுத்த குழப்பம் ‘இஸ்’, ‘ஹேஸ்’. ‘அக்காவுக்கு நீளமான முடி’ என்று தமிழில் வினைச்சொல்லே இல்லாமல் சொல்லிவிடலாம். அதே நினைப்பில் ‘மை சிஸ்டர் இஸ் லாங் ஹேர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆள் எப்படி என்று சொன்னால் ‘இஸ்’, ஆளிடம் என்ன இருக்கிறது என்று சொன்னால் ‘ஹேஸ்’. ‘ஷி இஸ் டால். ஷி ஹேஸ் லாங் பிளாக் ஹேர்.’ முதலில் நீளம், பிறகு நிறம் என்பதுதான் ஆங்கில வரிசை.

கண்ணுக்கு மட்டும் ‘பிளாக்’ போட வேண்டாம். ‘எ பிளாக் ஐ’ என்றால் அடிபட்டுக் கன்றிப்போன கண். நம் கண்களை ஆங்கிலத்தில் ‘டார்க் பிரவுன்’ என்பார்கள்.

நம் ஊர் ஆங்கிலம், வெளியூர் ஆங்கிலம்

‘மை மதர் இஸ் ஹோம்லி’ என்று எழுதினால் குடும்பப்பாங்கானவர் என்று நாம் புரிந்துகொள்வோம். அமெரிக்காவில் அதற்கு, பார்க்க லட்சணம் இல்லாதவர் என்று பொருள். ‘ஃபேட்’ என்று நேருக்கு நேர் சொல்வது எங்குமே மரியாதையில்லை. பாட்டியை ‘ஓல்டு’ என்பதைவிட ‘மை கிராண்ட்மதர் இஸ் செவன்ட்டி இயர்ஸ் ஓல்டு’ என்று வயதைச் சொல்லிவிடுவது நல்லது.

“தாத்தாவை ‘ஹி’ன்னு சொல்லலாமா, மரியாதை இல்லையே?” என்று சில குழந்தைகள் கேட்கும். நல்ல கேள்வி. ‘அவன்’, ‘அவர்’ என்ற வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லை, ‘ஹி’ இரண்டுக்கும் பொது என்று சொல்லிக்கொடுங்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவருமே அங்கே ‘அங்கிள்’தான். யாரென்று தெரிய வேண்டுமானால், சித்தப்பாவை ‘மை ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்’ என்று விளக்கலாம்.

‘கைண்ட்’ என்றால் எப்படி?

‘மை கிராண்ட்ஃபாதர் இஸ் கைண்ட்’ என்று குழந்தை எழுதியதும், “எப்படிச் சொல்றே?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். “தாத்தா போஸ்ட்மேனுக்குத் தண்ணி கொடுப்பார்ல” என்று பதில் வரும். அதுதான் அடுத்த வாக்கியம்: ‘ஹி கிவ்ஸ் வாட்டர் டு தி போஸ்ட்மேன்.’ இதை எந்த கைடும் எழுதித் தராது. முதலில் தமிழில் பேசவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் குழந்தைக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.

குறைகளைச் சொல்லும்போது ‘சம்டைம்ஸ்’ என்ற சொல் கைகொடுக்கும். ‘மை பிரதர் இஸ் லேசி’ என்பது முத்திரை குத்துவது. ‘சம்டைம்ஸ் மை பிரதர் இஸ் லேசி’ என்பது நடப்பதைச் சொல்வது. “இவன் சுத்த சோம்பேறி” என்று விருந்தினர் முன்னால் சொல்லும் பெரியவர்களுக்கும் இந்தச் சொல் உதவும்.

அப்பா இல்லாத வீடுகள், பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் உண்டு. ‘மை ஃபாதர் இஸ்...’ என்று அச்சடித்த தாளைப் பார்த்துக் குழந்தை திகைத்து நின்றால், வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஆசிரியரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பத்து நிமிட விளையாட்டு

சாப்பிட்ட பிறகு எல்லோரும் உட்காருங்கள். ஒருவர் மனதில் ஓர் உறவினரை நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். நிறமும் எடையும் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் விதி. ‘ஷி வேர்ஸ் பிக் கிளாசஸ். ஷி டாக்ஸ் டு பிளான்ட்ஸ். ஷி நெவர் ஈட்ஸ் அலோன்.’ அத்தைதான் என்று வீடே கத்தும். குழந்தை தப்பும் தவறுமாகச் சொன்னாலும் முடிக்க விடுங்கள். திருத்தம் பிறகு.

அன்று இரவு அந்த வீட்டிலும் நோட்டு மறுபடி திறந்தது. “போர்டுல இருந்த அம்மாவை விடு. உன் அம்மாவைப் பத்தி எழுது” என்றார் அம்மா. மகள் பென்சிலைக் கடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்: ‘மை மதர் இஸ் டார்க் அண்ட் டால். ஷி வேக்ஸ் அப் ஃபர்ஸ்ட். ஷி லாஃப்ஸ் லவுட்லி ஆன் தி போன். ஷி இஸ் பியூட்டிஃபுல்.’

‘லாஃப்ஸ்’ ஸ்பெல்லிங் தப்பு. அம்மா அதை மட்டும் திருத்தினார்.