ஸ்கூல் சண்டைக்கு போலீஸ் வரணுமா?

புதுச்சேரியில் சிவப்புத் தொப்பி தெரிந்தாலே போலீஸ்தான். அது உங்கள் கிளாஸ் வாசலில் வந்து நின்றால்? 'கேலி பண்ணதுக்கெல்லாம் போலீஸா, ஓவரா இல்ல?' என்பீர்கள். நியாயம்தான். பட்டப்பெயர், டிபன் பாக்ஸ் பறிப்பெல்லாம் டீச்சர் பேசித் தீர்க்க வேண்டியவை.

ஆனால், 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சக மாணவர்களின் சாதிச் சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார் ஒரு பிளஸ் டூ மாணவர். விஷயத்தைப் பள்ளியில் சொன்ன பிறகு, இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. புகார் கொடுத்தவருக்குப் பள்ளி கேட்டுக்கு வெளியே யார் பாதுகாப்பு? அடி, மிரட்டல், ஆயுதம், சாதி வன்மம் என்று போய்விட்டால் ஹெச்.எம் ரூம் பஞ்சாயத்து போதாது.

'போலீஸ்னா லைஃபே போச்சு' என்ற பயம் பாதி சினிமா பார்த்து வந்தது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் இருப்பவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமம் முன்பு நிறுத்த வேண்டும். விலங்கு கிடையாது. சிறு குற்றத்துக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆரே இல்லை, ஸ்டேஷன் டைரியில் பதிவுதான். அந்தச் சிவப்புத் தொப்பியும் வராது. முடிந்தவரை மஃப்டியில்தான் பேச வேண்டும்.

பாலியல் சீண்டல் என்றால் பள்ளிக்கு சாய்ஸே இல்லை. போக்சோ சட்டப்படி சொல்லியே ஆகணும். மறைத்தால் நிர்வாகத்தின் பொறுப்பில் இருப்பவருக்கே ஓராண்டு வரை சிறை.

ஸ்க்ரீன்ஷாட்டை டெலிட் பண்ணாதீங்க. ஸ்கூல் காது கொடுக்கலைன்னா 1098, கட்டணம் இல்லை. பக்கத்து பெஞ்ச் பையனுக்காகவும் கூப்பிடலாம்.