பெயரில் பருவம், வயதில் சக்கரம்

கென்யாவின் மேற்கு மூலையில் ஒருவர் தன் பெயர் வாஃபூலா என்று சொன்னால், கூடவே இரண்டு செய்திகள் வந்துவிடும். அவர் ஆண், மழைக்காலத்தில் பிறந்தவர். அதே மழையில் பிறந்த பெண் நாஃபூலா. அறுவடைக் காலத்துப் பிள்ளைகள் வெகேசா, நெகேசா. குதிர் காலியாகி, அடுத்த விளைச்சலுக்கு ஊரே காத்திருக்கும் பசி மாதங்களில் பிறந்தால் வாஞ்சாலா, நாஞ்சாலா. வெட்டுக்கிளிகள் வந்திறங்கிய காலத்தில் பிறந்தவன் வசிகே. பெயரின் முதல் அசையில் ஆணா பெண்ணா என்பது இருக்கிறது, மிச்சத்தில் பருவம் இருக்கிறது. இறந்துபோன தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பதும் உண்டு என்பதால், எல்லா வாஃபூலாவும் மழையில் பிறந்தவர் என்று பந்தயம் மட்டும் கட்டக் கூடாது.

இவர்கள் லூயா மக்கள். 2019 கணக்கெடுப்பில் 68 லட்சம் பேர். கிகூயு மக்களுக்கு அடுத்தபடியாகக் கென்யாவின் இரண்டாவது பெரிய இனம். ககமேகா, புங்கோமா, விஹிகா, புசியா மாவட்டங்களில் அடர்த்தியாக வாழ்கிறார்கள். ஆனால் ‘ஓர் இனம்’ என்று சொன்னதும் ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. புகூசு, மரகோலி, வாங்கா, இசுகா, இடாகோ, திரிகி, நியோரே, சாமியா என்று பதினைந்துக்கும் மேற்பட்ட பிரிவுகள் இதற்குள் இருக்கின்றன. மொழிகளுக்குக் குறியீடு தரும் சர்வதேசப் பட்டியல் ‘லூயா’ என்ற ஒரே தலைப்பின்கீழ் 14 மொழிகளை வைத்திருக்கிறது. தெற்கே உள்ள மரகோலிக்காரரும் வடக்கே உள்ள புகூசுக்காரரும் அவரவர் பேச்சிலேயே பேசினால் உரையாடல் தடுமாறும்.

பொதுப்பெயருக்கே இன்னும் நூறு வயது ஆகவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் இவர்களை ‘பாண்டு கவிரோண்டோ’ என்று எழுதிவந்தார்கள். அது பிடிக்காத படித்த இளைஞர்கள் 1930களிலும் 1940களிலும் ‘லூயா’ என்ற பெயரைப் பரப்பினார்கள். எல்லாருக்கும் ஒரே எழுத்துமொழி என்ற முயற்சியும் அப்போது நடந்தது. புகூசுகளும் மரகோலிகளும் தங்கள் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது, மொழி ஒட்டவில்லை.

வாங்காக்களுக்கு மட்டும் நாபோங்கோ என்ற பட்டத்தோடு அரசர் உண்டு. மூமியாஸ் நகரம் நாபோங்கோ மூமியாவின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மற்ற பிரிவுகளில் பெரும்பாலும் அரசன் இல்லை, அரண்மனை இல்லை, பதிவேடும் இல்லை. அப்படியானால் யார் யாருக்கு உறவு, யார் யாருக்கு மூத்தவர், எப்போது என்ன நடந்தது என்பதையெல்லாம் எங்கே எழுதிவைத்தார்கள்? மனிதர்கள்மேலேயே எழுதிவைத்தார்கள்.

முதல் ஏடு குலம். பிள்ளைக்குக் குலம் தந்தைவழியில் வரும். அதற்குள் திருமணம் கூடாது. குலத்துக்கு வெளியேதான் மணமுடிக்க வேண்டும் என்ற இந்த விதிக்குப் புறமணம் என்று பெயர். தாயின் குலத்திலும் பெண்ணெடுக்க முடியாது. பல பிரிவுகளில் இரண்டு பாட்டிகளின் குலங்களும் விலக்கு. அதாவது ஓர் இளைஞன் நான்கு குலப் பெயர்களை நினைவில் வைத்திருந்தால் போதும், நெருங்கிய இரத்த உறவுகள் பெரும்பாலும் தாமாகவே விலகிவிடும். குலங்களில் பல, பக்கத்திலுள்ள கலென்ஜின், லூவோ மக்களிடமிருந்து வந்து கலந்தவை என்பதையும் பெரியவர்கள் மறைப்பதில்லை.

இரண்டாவது ஏடுதான் என்னை மிகவும் கவர்ந்தது. புகூசுச் சிறுவர்களுக்கு விருத்தசேதனம், அதாவது முன்தோல் நீக்கும் சடங்கு, இரட்டைப்படை ஆண்டுகளில், பெரும்பாலும் ஆகஸ்டில் நடக்கும். எல்லைக்கு அப்பால், உகாண்டாவில் வாழும் அவர்களின் உறவினரான கிசு மக்களுக்கும் இரட்டைப்படை ஆண்டுதான். சில ஆண்டுகளுக்குள் இந்தச் சடங்கைக் கடந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு வயதணி. அணிக்கு ஒரு பெயர் உண்டு. சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் அது மூடப்பட்டு அடுத்த பெயர் திறக்கும். மொத்தம் எட்டுப் பெயர்கள்: கொலொங்கொலோ, கிக்வாமெட்டி, கனனாச்சி, கின்யிகேவி, நியாங்கே, மைனா, சூமா, சாவா. எட்டும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய நூறு ஆண்டுகள். ஒரு பெயர் திரும்பி வரும்போது அதை முன்பு சுமந்தவர்களில் உயிரோடு இருப்பவர் அநேகமாக யாருமில்லை. ஆகவே கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பேரனும் ஒரே அணிக்காரர்களாக மோதிக்கொள்ளும் குழப்பம் இல்லை. தந்தையும் மகனும் ஒரே அணியில் சேர வழியே இல்லை. வெறும் எட்டுப் பெயர்களில் ஊரின் மூப்பு வரிசை முழுவதும் அடங்கிவிடுகிறது.

நம் அறுபதாண்டுச் சுழற்சியில் உள்ள சிக்கல் இதிலும் உண்டு. பிரபவ என்றால் எந்தப் பிரபவ? மைனாக்கள் காலத்தில் என்றால் எந்த மைனா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அணிக்குள் ஒவ்வொரு தொகுதிக்கும் அந்தச் சமயத்தில் நடந்த ஒரு சம்பவத்தின் பெயர் துணைப்பெயராக ஒட்டிக்கொள்ளும். அணிப்பெயர் சுழலும், சம்பவப் பெயர் சுழலாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு நிகழ்ச்சியின் காலத்தை ஓரிரு ஆண்டுத் துல்லியத்தில் சொல்லிவிடலாம்.

இனிதான் பெரிய வியப்பு. பக்கத்து எல்கான் மலைச் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் வாழும் கலென்ஜின் மக்கள் பேசுவது நைலோட்டிய மொழிகள். பாண்டு மொழியான புகூசுக்கும் அவற்றுக்கும் எந்தக் குடும்ப உறவும் இல்லை. ஆனால் அவர்களின் வயதணிகளைக் கேளுங்கள்: மைனா, சுமோ, சாவே, கோரொங்கொரோ, கிப்கொய்மெட், கப்லெலாச், கிம்னியிகே, நியோங்கி. அதே எட்டு, அதே வரிசை! புகூசுக் கதைகளில் வரும் வீரன் மாங்கோ, ஊரை அழித்த ஒரு மலைப்பாம்பைக் கொன்று, அதற்குப் பிறகே கலென்ஜின் அண்டைவீட்டாரிடம் இந்தச் சடங்கைப் பெற்றான் என்கிறார்கள். கடன் வாங்கியதை ஒரு சமூகம் இவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்வது அபூர்வம்.

திரிகி மக்கள் இதே ஏற்பாட்டைத் தங்கள் அண்டைவீட்டாரான தெரிக்குகளிடமிருந்து பெற்றுக் கணக்கை மாற்றிக்கொண்டார்கள். ஏழு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 15 ஆண்டுகள். சுற்று 105 ஆண்டுகள். அணிகள் மூப்படைய மூப்படைய வேலையும் மாறும்: முதலில் போர்வீரர், பிறகு மூத்த வீரர், பிறகு வழக்குத் தீர்க்கும் பெரியவர், கடைசியில் சடங்குகளை நடத்தும் முதியவர். பதவி உயர்வுக்கு யாரிடமும் மனுப் போட வேண்டாம்.

பிறப்பு, சடங்கு, திருமணம், சாவு என்று வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஊருக்கு அறிவிக்க இசுகா, இடாகோ மக்களிடம் இசுகுட்டி ஆட்டம் இருக்கிறது. பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று முழவுகள், கூடவே மான்கொம்பு. முழவின் பெயர்தான் ஆட்டத்துக்கும். அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ இதை 2014இல் சேர்த்தது.

பெயரில் பருவத்தைச் சுமக்கும் லூயாக்களிடையே, வரும் பருவத்தை முன்கூட்டியே படிப்பவர்களும் உண்டு. நியோரே பகுதியில் ஒரு குலத்தின் தொழிலே வானம் பார்ப்பது. நங்கானி என்ற அந்தக் குலத்தார் மழைக்காரர்கள். எந்த மரம் எப்போது இலை உதிர்க்கிறது, எது பூக்கிறது, பறவையின் குரல் எப்படி மாறுகிறது, பூச்சிகள் எங்கே நகர்கின்றன என்று கவனித்து வரப்போகும் பருவத்தைச் சொல்வார்கள். இதற்காகவே ஒரு சிறு காட்டைப் புனிதத்தலமாகக் காத்துவருகிறார்கள். சுற்றிலும் நிலமெல்லாம் வயலாகிவிட்ட ஊரில் அந்த மரங்கள் தப்பித்ததற்குக் காரணம், அங்கே கோடரி எடுக்க யாருக்கும் துணிவு வராததுதான். செடிகள் மண்ணின் ஈரத்துக்கும் காற்றின் ஈரப்பதத்துக்கும் நுட்பமாக எதிர்வினை செய்பவை. ஆகவே அந்தக் காடு ஓர் உயிருள்ள வானிலை நிலையம்.

கென்ய வானிலைத் துறைக்கும் இது உறைத்தது. துறையின் கணிப்பு பரந்த பகுதிக்குப் பொதுவானது. விவசாயிக்குத் தேவை தன் குன்றின் மழை. அதோடு, மக்கள் நம்பியது மழைக்காரரைத்தான். 2000களின் இறுதியில் தொடங்கிய ஒரு திட்டத்தில் வானிலை அறிஞர்களும் நங்கானி முதியவர்களும் பருவம் தொடங்கும் முன் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் செயற்கைக்கோள் படங்கள், மறுபக்கம் இலை, பூ, பறவை. இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் பேசித் தீர்த்து, ஒரே கணிப்பாக எழுதினார்கள். எந்த விதையை, எப்போது விதைப்பது என்ற யோசனையோடு அது உள்ளூர்ப் பேச்சிலேயே விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது.