365 படி ஏறினா 109-தானா?

திருத்தணி மலைக்குப் படியேறிப் போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி... 365. மூச்சு வாங்க ஏறி இறங்கின கையோட, அதையே ஜாவாவில் எண்ணிப் பார்க்கலாமேன்னு லேப்பில் உட்கார்ந்தேன். சின்ன நம்பர்தானே என்று பைட் டைப்பை எடுத்தேன். அங்கேதான் சறுக்கல்!

பைட்டுக்கு 8 பிட். மைனஸ் 128-லிருந்து 127 வரைதான் கொள்ளும். 127-வது படியைத் தாண்டினதும் கணக்கு தலைகுப்புற மைனஸ் 128! முருகன் வாசலுக்குப் போனபோது 365-ல் 256 காணாமல் போய், மிச்சம் 109.

'படி = படி + 1' என்று எழுதியிருந்தால் கம்பைலர் விட்டிருக்காது. கூட்டினதும் விடை 32 பிட் இன்ட் ஆகிவிடும். அதைப் பைட்டில் திணிக்க நீங்களே காஸ்ட் போடணும். நான் எழுதினது 'படி += 1'. சத்தமே இல்லாமல் வெட்டிவிட்டது!

லேப் மார்க்தானே என்கிறீர்களா? 1996 ஜூன் 4... ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். ஏரியன் 4-க்கு எழுதின புரோகிராமில் ஒரு பகுதியை இதிலும் வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகத்தில் ஒரு 64 பிட் எண், 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. கிளம்பின ஒரு நிமிஷத்துக்குள் வெடித்துச் சிதறியது.

அதனால், கம்பைலர் திட்டினால் அதன் வாயை அடைக்க காஸ்ட் போடாதீங்க. மொத்தம் எத்தனை படின்னு முதலில் கேளுங்க. அப்புறம் ஏறுங்க!