தெர்மோஸ்டாட் மாத்தியும் ஒழுகுதே, ஏன்?

புது தெர்மோஸ்டாட், புது கேஸ்கட் எல்லாம் போட்டாச்சு. ஆனாலும் எஞ்சின் சூடானதும் ஹவுசிங் ஓரத்தில் சொட்டு சொட்டாகக் கூலன்ட்! உடனே ஸ்பேனரை எடுத்து போல்ட்டை இன்னும் இறுக்குவார்கள். அதுதான் தப்பு.

ஹவுசிங் பல எஞ்சின்களில் அலுமினியம். அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் காதுகள் வளைந்து, நடுவில் இடைவெளி விழும். குளிர்ந்திருக்கும்போது உள்ளே அழுத்தம் இல்லாததால் இது தெரியாது. சூடானதும் அழுத்தம் ஏறும். பல கார்களில் ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் வரை தாங்கிப் பிடிக்கும். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

செய்ய வேண்டியவை:

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். ஜாக்கிரதை!

2. மேலேயுள்ள ஹோஸ் கிளிப்பிலிருந்து வழிகிறதா என்று முதலில் பாருங்கள்.

3. கூலன்டை வடித்து, ஹவுசிங்கைக் கழற்றி, பழைய கேஸ்கட் துணுக்குகளை முகம் கீறாமல் சுரண்டுங்கள்.

4. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜால் சோதியுங்கள். லேசான வளைவென்றால், கண்ணாடித் தகட்டில் எமரி தாள் விரித்துத் தேய்க்கலாம். அரித்துக் குழி விழுந்திருந்தால் புது ஹவுசிங்தான்.

5. தெர்மோஸ்டாட் அதன் பள்ளத்தில் சரியாக உட்காரணும். பிறகு போல்ட்டுகளை மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கே இறுக்குங்கள்.

6. கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, பிரஷர் டெஸ்டரால் மூடியில் குறித்துள்ள அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். முள் இறங்காவிட்டால் வேலை முடிந்தது.

ஒரு சொட்டுதானே என்று விட்டால் கூலன்ட் குறைந்து, எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கட்டே போய்விடும். சின்ன கேஸ்கட்டில் காட்டாத பொறுமைக்குப் பெரிய கேஸ்கட்டில் பில் வரும்!