காட்டுக்கு விலை உண்டு, காவலுக்குக் கூலி இல்லை

நகரங்கள் விழுங்கும் வனத்துக்கு ஈடாகக் கோடி கோடியாகப் பணம் சேர்கிறது. அந்த வனத்தைக் காத்துவரும் பழங்குடிகளின் கைக்குத்தான் அது வந்து சேர்வதில்லை.

மும்பையில் ஒரு சதுர அடி நிலத்துக்கு விலை சொல்லத் தெருவுக்கு நாலு தரகர்கள் இருக்கிறார்கள். காட்டுக்கு விலை சொல்ல ஒரு சட்டமே இருக்கிறது. வன நிலத்தை வேறு காரியத்துக்கு எடுப்பவர்கள், அந்தக் காடு தந்துவந்த பயன்களைப் பணமாகக் கணக்கிட்டு 'நிகர இன்றைய மதிப்பு' என்ற பெயரில் கட்டவேண்டும். 2008ல் இது ஹெக்டேருக்கு 4.38 லட்சம் ரூபாய் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை என்று நிர்ணயிக்கப்பட்டது. 2022ல் கட்டணம் உயர்ந்தது. இப்படிச் சேர்ந்த பணத்தில் 47,436 கோடி ரூபாயை 2019 ஆகஸ்டில் மத்திய அரசு 27 மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. மகாராஷ்டிரத்தின் பங்கு 3,844 கோடி.

பணம் யார் கைக்குப் போகிறது? காட்டை யார் காக்கிறார்கள்? இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றாக இருப்பதில்லை. இதற்கு மும்பையே நல்ல உதாரணம்.

நகரின் வடபகுதியில் 104 சதுர கி.மீ. பரப்பில் இருக்கிறது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. சுற்றிலும் அடுக்குமாடிகள் நெருக்குகின்றன. பூங்காவிலும் அதையொட்டிய ஆரே பால் காலனியிலும் 2015ல் தானியங்கிக் கேமராக்கள் வைத்துக் கணக்கெடுத்தபோது 35 சிறுத்தைகள் தென்பட்டன. 2018ல் 47. ஒரு பெருநகரத்தின் மடியில் இத்தனை சிறுத்தைகள் இருப்பது உலகிலேயே அபூர்வம்.

இவற்றுக்கு அண்டை வீட்டுக்காரர்கள் வார்லி உள்ளிட்ட பழங்குடிகள். ஆரேயில் மட்டும் அவர்களுக்கு 27 பாடாக்கள், அதாவது குடியிருப்புகள், இருக்கின்றன. 1949ல் பால் காலனி வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர்கள். வார்லிகளின் காவல் தெய்வம் வாகோபா, புலி அல்லது சிறுத்தை உருவத்தில் இருப்பவர். மும்பை புறநகர், தாணே, பால்கர் வட்டாரங்களில் வாகோபாவுக்கு 150க்கும் மேற்பட்ட கோயில்கள் இருப்பதை 2021ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. தீபாவளியையொட்டி வரும் வாக்பாரஸ் நாளில் அவருக்குப் பூஜை நடக்கிறது. தெய்வத்துக்குரிய மரியாதையைச் செய்தால் தெய்வம் நம்மைக் காக்கும் என்பது நம்பிக்கை. கோழியோ ஆடோ பறிபோனாலும் உடனே கூண்டு வைக்கச் சொல்லாத பொறுமைக்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். பொறுமைக்குக் கொடுக்கும் விலை சில நேரம் மிகப் பெரியது. 2022 தீபாவளியன்று ஆரேயில் ஒரு பெண் குழந்தை சிறுத்தைக்குப் பலியானது.

சிறுத்தையோடு வாழப் பழகியவர்களால் நகரத்தோடு ஈடுகொடுக்க முடியவில்லை. மெட்ரோ ரயில் பணிமனைக்கு ஆரேயில் இடம் எடுக்கப்பட்டபோது பிரஜாபூர்பாடாவின் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஆரேயைக் காடாக அறிவிக்கக் கோரியது உட்பட எதிர்ப்பு மனுக்களை மும்பை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர் 4 அன்று தள்ளுபடி செய்தது. அன்றிரவே ரம்பங்கள் ஓடத் தொடங்கின. 7ம் தேதி உச்ச நீதிமன்றம் தடுப்பதற்குள் 2,141 மரங்கள் சாய்ந்துவிட்டன. பின்னர் 812 ஏக்கர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் அடுத்த திட்டங்கள் வரிசையில் நிற்கின்றன. பூங்காவின் அடியில் செல்லும் தாணே-போரிவலி சுரங்கச் சாலைக்கு 2024 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. கோரேகாவ்-முலுண்ட் சாலையின் சுரங்கப் பணிக்கும் அப்போதுதான் பூஜை போடப்பட்டது.

இத்தனைக்கும் பழங்குடிகளுக்கு ஒரு சட்டம் துணையிருக்கிறது. 2006ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், காட்டையும் வன விலங்குகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. மாநகராட்சி எல்லைக்குள் கிராம சபை எங்கே இருக்கிறது என்பது முதல் சிக்கல். அதிகாரத்தோடு பணம் வராதது இரண்டாவது சிக்கல். காட்டுத்தீயை அணைப்பதும் வேட்டைக்காரர்களைத் துரத்துவதும் கூலியில்லாத வேலைகள்.

பணத்துக்கான சட்டம் தனியாக 2016ல் வந்தது. அதன்படி நிதியில் 90 சதவீதம் மாநிலங்களுக்கு, 10 சதவீதம் மத்திய அரசுக்கு. செலவழிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வனத்துறையிடம். மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று ஜெய்ராம் ரமேஷ் வாதாடினார். 2018ல் வந்த விதிகளில் கிடைத்ததோ 'கலந்தாலோசனை' மட்டும். துறையின் கையில் பணம் பத்திரமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உத்தராகண்டில் இந்த நிதியிலிருந்து 13.86 கோடி ரூபாய் திசை மாறியதாகத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 பிப்ரவரியில் அம்பலப்படுத்தியது. காடு வளர்க்க வந்த பணத்தில் ஐபோன்களும் மடிக்கணினிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் வாங்கியிருந்தார்கள்.

பழங்குடிகளிடம் பணத்தை ஒப்படைத்தால் காட்டை விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் அதிகாரிகளிடம் உண்டு. மகாராஷ்டிரத்தின் மறுகோடியில், சந்திரபூர் மாவட்டத்தில் இருக்கும் பச்காவ் இதற்குப் பதில். 2012ல் அந்தக் கிராமத்துக்கு 1,006 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. மூங்கில் விற்பனை வருமானம் தந்தது. பீடி இலையிலும் நல்ல காசு இருந்தது. ஆனால் அதற்காக மரக்கிளைகளை வெட்டுவதும் தீ வைப்பதும் காட்டைக் கெடுக்கும் என்று கிராம சபையே அந்த வருமானத்தை வேண்டாமென்றது. சுமார் 34 ஹெக்டேரை யாரும் கைவைக்காத காடாக ஒதுக்கியும் வைத்தது.

நகரத்துப் பணம் நேராகக் காவலரைச் சென்றடைய முடியும் என்பதற்கு அருணாசலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகப் பகுதி சாட்சி. அங்கு நிஷி இனத்தவர் ஒரு காலத்தில் இருவாய்ச்சிப் பறவையை வேட்டையாடி அதன் அலகைத் தலையணியில் சூடியவர்கள். 2011ல் தொடங்கிய கூடு தத்தெடுப்புத் திட்டத்தில், ஊர்களிலும் நகரங்களிலும் இருப்பவர்கள் ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்து ஒரு கூட்டைத் தத்தெடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் உள்ளூர்க்காரர்கள் சம்பளத்துக்குக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். முன்னாள் வேட்டைக்காரர்களும் அவர்களில் உண்டு. நிஷி கிராமத் தலைவர்களின் சங்கம், வனத்துறை, இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு இது.

பக்கேயில் நன்கொடையாளர்களின் தயவில் நடப்பதை நாடு முழுவதும் சட்டத்தின் பலத்தில் நடத்தலாம். காட்டை இழந்ததற்காக வரும் பணத்தில் ஒரு பங்கு, மிச்சமிருக்கும் காட்டைக் காக்கும் சபைகளின் கணக்கில் நேரடியாகச் சேர வேண்டும். கணக்கு வழக்கைக் கிராமத்தின் முன்னிலையில் தணிக்கை செய்யலாம். மாநகராட்சிக்குள் இருக்கும் பாடாக்களையும் சபைகளாக ஏற்கலாம். இதற்குப் புதிய வரி எதுவும் தேவையில்லை. பணம் ஏற்கெனவே கருவூலத்தில் இருக்கிறது.

அதுவரை, வாகோபாவுக்கு உடைக்கும் தேங்காய்கூட வார்லிகளின் சொந்தச் செலவுதான்.